நாளைக்கு என்று வைத்த விளக்கு

அய்யா துணை



தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே பனைவிளையை ஒட்டி ஒரு நிழல் தாங்கல். பெரிய கட்டடம் அல்ல. ஓடு வேய்ந்த ஒரு கூடம், உள்ளே நிலைக்கண்ணாடி, அதன் இருபுறமும் விளக்கு, முன்னே ஒரு முற்றம். அவ்வளவே. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகளாக அங்கே பணிவிடை செய்துவந்தார். விடியுமுன் குளிப்பார், தலைப்பாகை கட்டுவார், திருநாமம் இட்டு விளக்கேற்றி உகப்படிப்புச் சொல்வார். ஞாயிறுதோறும் உச்சிப்படிப்பு முடிந்ததும் கஞ்சி தர்மம் நடக்கும். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட நாலைந்து முதியவர்களுக்கு, அந்த வாரத்தில் தாங்களே அடுப்பு மூட்டாமல் கிடைக்கும் சூடான உணவு அது ஒன்றுதான்.

பெரியவர் வைகுண்டம் சேர்ந்தார். தாங்கலின் சாவி மகன் கைக்கு வந்தது.

மகன் கெட்டவர் அல்லர். லாரி ஓட்டிப் பிழைப்பவர். அய்யாமேல் பற்று உள்ளவர். "அப்பா காரியம் முடியட்டும், தொடங்கிவிடுவோம்" என்றார். காரியம் முடிந்தது. "கார்த்திகை பிறக்கட்டும்" என்றார். பிறந்தது. "உகப்படிப்பு முழுதும் எனக்கு மனப்பாடம் இல்லை, படித்துக்கொண்டு வருகிறேன்" என்றார். பிறகு, "ஒரு காலத்தில் குடித்தவன் நான். நான் போய் விளக்கேற்றினால் ஊர் என்ன சொல்லும்? முதலில் நான் சரியாகட்டும்" என்றார்.

எட்டு மாதம் போயிற்று. சாவி வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. முதல் மாதத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எட்டாம் மாதத்தில் அதைப் பார்க்காமல் கடந்துபோகக் கற்றுக்கொண்டார். வாசலில் பாடம் கேட்க வந்த பிள்ளைகள் வராமல் போனார்கள். கஞ்சிக்கு வந்த முதியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. சாவி தொங்காத வீடு எது? பேசாமல் இருக்கும் அண்ணனிடம் போய்ப் பேச வேண்டும் என்ற எண்ணம் ஒரு வீட்டில் தொங்குகிறது. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இன்னொரு வீட்டில் தொங்குகிறது. தினம் ஒரு பிடி அரிசி தர்மத்துக்கு எடுத்துவைக்க வேண்டும், பிள்ளைகளை உட்கார்த்தி அகிலத்திரட்டு வாசிக்கப் பழக்க வேண்டும், படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு நடை பார்த்துவர வேண்டும். எல்லாம் நல்ல எண்ணங்கள். எல்லாம் ஆணியில் தொங்குகின்றன.

கலியின் சொல்

நல்லது செய்யாதே என்று கலி ஒருவரிடமும் நேராகச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அன்புக்கொடி மக்கள் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். கலி சொல்வது வேறு. "நல்ல காரியம், கட்டாயம் செய்ய வேண்டியது, ஆனால் இப்படி அரைகுறையாகவா செய்வது? இன்னும் கொஞ்சம் தயாராகு, நாளைக்குச் செய்" என்று சொல்லும். கேட்பவருக்கு அது பணிவுபோலவே தோன்றும், பக்திபோலவே தோன்றும். விளக்கு மட்டும் எரியாது.

அந்த மகன் சொன்ன காரணங்களை எடுத்துப் பார்த்தால் நான்குதான். நாள் சரியில்லை, அறிவு போதாது, தகுதி இல்லை, ஊர் சிரிக்கும். உலகத்தில் தள்ளிப்போடப்பட்ட நற்செயல்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றைச் சொல்லித்தான் தள்ளிப்போடப்பட்டன. இந்த நான்குக்கும் அய்யாவின் அவதார காலத்திலேயே விடை இருக்கிறது.

நாள்

உகப்படிப்பு எந்த நாளில் சொல்லப்படுகிறது? ஒவ்வொரு நாளும். ஆவணித் திருநாளிலும் உண்டு, ஒன்றும் விசேஷம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையிலும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாமிதோப்பில் மக்கள் திரளும்போதும் உண்டு, மழையில் ஒருவரும் வராத விடியலிலும் உண்டு. பணிவிடைக்கு ஒவ்வொரு விடியலும் ஏற்றதென்றால், தொடங்குவதற்கும் ஒவ்வொரு விடியலும் ஏற்றதுதான்.

பெரிய நாளில் தொடங்குகிறேன் என்பவர், அந்த நாள் வரும்வரை செய்யாமலிருக்கத் தமக்குத் தாமே அனுமதி கொடுத்துக்கொள்கிறார். கார்த்திகை வரும், போகும். மாசி 20 வரும், ஊர்வலம் போகும். நாள் தவறாமல் வந்துகொண்டேதான் இருக்கிறது. வராதவர் மனிதர்தான்.

அறிவு

அகிலத்திரட்டு அம்மானை 15,000க்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. சாமிதோப்பில் கார்த்திகை மாதத் திருஏடு வாசிப்பு 17 நாள் நடக்கிறது. இவ்வளவு பெரிய நூலை ஏட்டில் எழுதியவர் சகாதேவன் சீடர் எனப்படும் அரிகோபாலன் சீடர். அவர் தாமரைக்குளத்தைச் சேர்ந்தவர். அய்யாவின் ஐந்து சீடர்களில் ஒருவர்.

அவர் பல ஆண்டு பயின்று, தம்மைத் தேர்ந்த புலவர் என்று உறுதி செய்துகொண்ட பிறகா எழுத அமர்ந்தார்? கொல்லம் ஆண்டு 1016, கார்த்திகை 27 இரவில், உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி எழுதச் சொன்னார் என்பதே அகிலம் தரும் செய்தி. உறக்கத்தில் இருப்பவரைவிடத் தயாராகாதவர் யார்? நூலின் தொடக்கத்தில் அவர் தம் எளிமையைச் சொல்லி அவையடக்கம் பாடுகிறார். அந்த அவையடக்கத்தை எழுதாமல் இருப்பதற்குக் காரணமாக அவர் ஆக்கவில்லை. எளியவன் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். முதல் ஓலையில் முதல் எழுத்தைக் கீறியபோது பதினையாயிரம் அடியும் அவர் கையில் இல்லை. அடுத்த அடி மட்டுமே இருந்தது. அதை எழுதிய பிறகு அதற்கடுத்தது வந்தது.

தெரியாது என்பது உண்மையான பணிவானால், அது தெரிந்தவரிடம் போய்க் கேட்கவைக்கும். வீட்டில் உட்காரவைத்தால் அது பணிவு அல்ல.

தகுதி

நான்கில் கனமானது இதுதான். "நான் சுத்தமானவன் அல்ல. சுத்தமான பிறகு வருகிறேன்."

துவையல் தவசை நினைத்துப் பார்க்கட்டும். 700 குடும்பங்கள் அய்யாவின் சொல் கேட்டு வாகைப்பதிக்குப் போனார்கள். பிறகு முட்டப்பதியில் அந்தத் தவசு தொடர்ந்தது. கடலருகே குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒருவேளை உணவு உண்டு, உள்ளமும் உடலும் ஒழுங்குபட அவர்கள் வாழ்ந்தார்கள். அங்கே போனவர்கள் யார்? ஊழிய வேலையில் முதுகொடிந்தவர்கள். தலைவரி முதலான வரிகளைச் சுமந்தவர்கள். மாற்றுத்துணிக்கு வழியில்லாதவர்கள். பேய்க்குப் பயந்து கோழியும் ஆடும் பலியிட்டுப் பழகியவர்கள்.

அவர்களிடம் துணி வெளுத்த பிறகு துவையலுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அழுக்குத் துணியோடு போனார்கள். அதனால்தான் துவைக்க முடிந்தது. அழுக்கு, கரைக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் அல்ல, கரைக்கு வருவதற்கே காரணம். பிறகு அந்த எளியவர்கள்தாம் துவையல் பண்டாரங்கள் என்று பெயர் பெற்று ஊர் ஊராகப் போய் அய்யாவின் வழியைச் சொன்னார்கள். தகுதி இருந்து பணி கிடைக்கவில்லை. பணியில் நின்றதால் தகுதி வந்தது.

அய்யாவின் தவமும் படிப்படியாகவே நடந்தது. 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து சாமிதோப்புக்கு வந்தபின் ஆறு ஆண்டு தவம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டு தரைமேல், கடைசி இரண்டு ஆண்டு உயர்த்திய மேடைமேல். நாராயணரின் அவதாரமே தரைக்குக் கீழே தொடங்கியிருக்கும்போது, மேடை கிடைத்தால்தான் தொடங்குவேன் என்று மனிதர் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஊர் சிரிக்கும்

இன்று ஓர் ஆண் தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நுழையும்போது அதை எளிதாகக் கட்டுகிறார். அன்று திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்த உரிமை இல்லை. தலையில் துணி கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, பொதுக்கிணற்றில் நீர் எடுக்கக்கூடாது. அந்தக் காலத்தில் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றை உண்டாக்கி, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார்.

முதன்முதலில் அந்தத் துண்டைத் தலையில் சுற்றியவரின் கை நடுங்கியிருக்காதா? முத்திரிக் கிணற்றில் மற்றொரு சாதியாரின் அருகே நின்று முதல் முறை நீர் மொண்டவர், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருக்கமாட்டாரா? அவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. சிரிப்பு மட்டுமா, அடியும் சிறையும் காத்திருந்த காலம் அது. அய்யாவே சிங்காரத்தோப்புச் சிறையில் வைக்கப்பட்டார். பயம் போன பிறகு தலைப்பாகை கட்டலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் இன்றும் அந்தத் தலைகள் வெறுந்தலைகளாகவே இருந்திருக்கும். கட்டினார்கள், கட்டக் கட்டப் பயம் போயிற்று.

இவ்வளவு பெரிய பயத்தை முன்னோர் கடந்திருக்கும்போது, டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக இன்று ஒருவர் தாங்கல் கதவைத் திறக்காமல் இருந்தால், அந்த முன்னோருக்கு என்ன பதில்?

சாவி

மேலே சொன்ன ஊருக்குத் திரும்புவோம். எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு. இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு விடியுமுன் மகன் ஊர் திரும்பினார். தாங்கலைக் கடக்கும்போது வாசற்படியில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் போனால், கஞ்சிக்கு வழக்கமாக வரும் ஓர் ஆச்சி. முற்றம் பெருக்கியிருந்தது. விளக்குமாறு அவள் மடியருகே கிடந்தது.

"என்ன ஆச்சி, இந்நேரத்துல இங்க?"

"தெனமும் வாரேன் மக்கா. கதவுதான் பூட்டிக் கெடக்கு. முத்தத்துக்குப் பூட்டு இல்லேல்லா. அதத் தூத்துட்டுப் போறேன்."

எட்டு மாதமாக அந்த முற்றம் சுத்தமாக இருந்ததை அவர் ஒருநாளும் கவனிக்கவில்லை. அவருக்கு நெஞ்சு அடைத்தது. "கார்த்திகையிலே தொடங்கலாம்னுதான் ஆச்சி இருந்தேன். தள்ளிப்போச்சு. இனி ஒரு நல்ல நாள் பார்த்து..." என்றார்.

"வெளக்குக்கு நாள் பாப்பாவளா மக்கா? இருட்டா இருந்தா கொளுத்தணும். அம்புட்டுத்தான்."

"எனக்குப் படிப்பு முழுசா தெரியாது ஆச்சி."

"தெரிஞ்சதச் சொல்லு. தெரியாதத நான் சொல்லுதேன்."

அவர் வீட்டுக்குப் போனார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். நிலைக்கண்ணாடியில் தூசி. துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் ஒரு முகம் தெரிந்தது. தூக்கம் இல்லாத கண், வளர்ந்த தாடி. இத்தனை மாதமும் யார் வந்து இந்தத் தாங்கலைத் திறப்பார்கள் என்று அவர் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. இறைவன் உனக்குள்ளேயே இருக்கிறான், வந்து பார் என்று சொல்லத்தான் பதியிலும் தாங்கலிலும் கண்ணாடி வைக்கப்பட்டிருக்கிறது. அன்று அந்தக் கண்ணாடி அவர் கேள்விக்கும் விடை சொல்லிற்று.

தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டினார். விளக்கேற்றினார். உகப்படிப்பில் மூன்று இடத்தில் தடுமாறினார். மூன்று இடத்திலும் ஆச்சி எடுத்துக்கொடுத்தாள். கேட்டவர் வேறு ஒருவரும் இல்லை. அன்று கஞ்சி வைக்கப் போதுமான அரிசியும் இல்லை. வீட்டிலிருந்து அவர் மனைவி ஒரு செம்பில் கொண்டுவந்த கஞ்சிதான் அன்றைய தர்மம். அதை ஆச்சி வாங்கிக் குடித்தாள். எட்டு மாதம் முடியாத காரியம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முதல் அடியும் மறு அடியும்

பனையேறும் தொழில் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பனையடியில் நின்று உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கால் எழும்பாது. பனையேறி முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் காலை வைப்பார். தளைநாரைக் காலில் மாட்டுவார். மரத்தை மார்போடு அணைப்பார். அதற்குப் பிறகு அவர் பார்ப்பது உச்சியை அல்ல, அடுத்த பிடியை. முருக்குத்தடி மரத்தைவிட மிகச் சிறியது. ஆனாலும் ஏற்றம் அதில்தான் தொடங்குகிறது.

ஆகவே தொடங்க நினைப்பவர் தம் காரியத்துக்கு ஒரு முருக்குத்தடி தேடிக்கொள்ளட்டும். முழு உகப்படிப்பும் வராது என்றால், வருகிற பகுதியை மட்டும் நாளை விடியலில் சொல்லட்டும். நூறு பேருக்கு அன்னதானம் முடியாது என்றால், இன்று உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடட்டும். அண்ணனிடம் எல்லா வழக்கையும் பேசித் தீர்க்க முடியாது என்றால், வாசலில் நின்று "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். குடியை விட நினைப்பவர் ஆயுளுக்கும் சபதம் போடவேண்டாம். இன்று மாலை அந்தத் தெருவழியே போகாமல் தாங்கல் வழியே வீடு திரும்பட்டும். உடம்பு அதற்குள் நெடுநாள் பழகிவிட்டதென்றால் வைத்தியரிடம் போகக் கூச்சப்படவும் வேண்டாம்.

துணையும் வேண்டும். துவையல் தவசுக்குத் தனி ஆட்களாக அல்ல, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். உகப்படிப்பையும் ஒருவர் சொல்ல மற்றவர் சேர்ந்து சொல்கிறார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுக்க வேண்டும். சோர்ந்த நாளில் வந்து கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும்.

பனையேறி அறிந்த இன்னொன்றும் உண்டு. பாளையை நாள்தோறும் சீவினால்தான் அக்கானி சொட்டும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் அரிவாள் நிறையச் சீவுவதால் பயன் இல்லை. மெல்லிசாக, தினமும் சீவ வேண்டும். நற்செயலும் அப்படித்தான். முதல் நாள் ஊரைக் கூட்டிப் பெரிதாகச் செய்துவிட்டு மறுநாள் மறப்பதைவிட, ஒரு பிடி அரிசியை ஓராண்டு மறவாமல் போடுவது மேல்.

ஒரு நாள் தவறினால்? தவறும். உடம்புக்கு முடியாமல் போகும், தொலைவில் வேலை இருக்கும், மனம் சோரும். அப்போது கலி மறுபடி வந்து, "பார்த்தாயா, உன்னால் முடியாது என்று அன்றே தெரியுமே" என்று சொல்லும். அதற்கு வாயால் பதில் வேண்டாம். மறுநாள் விடியலில் போய் விளக்கேற்றினால் போதும். விட்ட நாளுக்காக அழுது இன்னொரு நாளையும் விடுவதுதான் உண்மையான தவறு.

அந்தத் தாங்கலில் இன்று பெரும் கூட்டம் என்று சொல்வதற்கில்லை. விடியலில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அதில் நாலு பேர் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்கிறது. லாரி ஓட்டம் உள்ள நாளில் அவர் மனைவி விளக்கேற்றுகிறார். அவர் இன்னும் ஓரிடத்தில் தடுமாறுகிறார். பிள்ளைகள் இப்போது எடுத்துக்கொடுக்கிறார்கள். ஆச்சி கேட்டுச் சிரிக்கிறாள்.

அவர் வீட்டுச் சுவரில் அந்த ஆணி இருக்கிறது. சாவி அதில் தொங்குவதில்லை, அவர் இடுப்பில் இருக்கிறது.

இதை வாசித்து முடிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் தம் வீட்டு ஆணியில் எது தொங்குகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். இந்தத் தாளை மடித்து வைக்குமுன் அதை எடுத்துக் கையில் வைக்கட்டும். முதல் அடியை எடுத்து வைக்கும் பிள்ளையை அய்யா விழவிடமாட்டார்.

பொறுமையும் தர்மமும் தழைக்கட்டும். எல்லோரும் நல்லா இருக்கட்டும்.

அய்யா உண்டு.